ஜான் ஹார்டியின் மேற்கோள் கணக்கு

1992 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழின் 184, 185 ஆகிய இரண்டே பக்கங்களில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜான் ஹார்டி, ஜெரால்ட் ஹிக்கின்ஸ். புதிய சோதனை முடிவு என்று அதில் எதுவும் இல்லை. அதுவரை பல ஆய்வகங்களில் தெரிய வந்திருந்ததை வரிசைப்படுத்தி, அல்சைமர் நோய் மூளையில் இங்கேதான் தொடங்குகிறது, இந்த வழியில்தான் நகர்கிறது என்று துணிந்து சொன்ன ஒரு கருதுகோள், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அந்த இரண்டு பக்கத்தை மேற்கோள் காட்டியிருக்கின்றன. பத்தாண்டு கழித்து ஹார்டி, டென்னிஸ் செல்கோ என்ற இன்னொரு அல்சைமர் ஆய்வாளருடன் சேர்ந்து அதே இதழில் அதே கருதுகோளை மறுபடி அலசி நாலு பக்கம் எழுதினார். அதற்கு மேற்கோள் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

மேற்கோள் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. ஆய்வாளர்கள் பதவி உயர்வுக்கோ ஆராய்ச்சி நிதிக்கோ விண்ணப்பிக்கும்போது, அவர்களுடைய கட்டுரைகளை எத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று தரவுத்தளங்களில் தேடுவேன். அதே பெயரில் இருக்கும் வேறு ஆட்களைக் கழித்து, தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைத் தனியாகப் பிரித்து அறிக்கை கொடுப்பேன். மூளை அறிவியல் நான் படித்ததல்ல. ஆனால் வருடக்கணக்கில் இந்தத் துறைக்காரர்களின் அறிக்கைகளைத் தயாரித்ததில், யார் எழுதிய கட்டுரையைத் திறந்தாலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். அதில் முன்னால் நிற்பவர் ஹார்டி. சரி, இந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார் என்று பார்க்கப் போனேன்.

ஹார்டி இங்கிலாந்துக்காரர், 1954-இல் பிறந்தவர். லீட்ஸில் உயிர்வேதியியல், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம், பிறகு நியூகாசில், ஸ்வீடனில் உமியோ, 1985 முதல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரி. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் அல்சைமர் ஒரு பெரிய துறையே அல்ல. அறுபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எப்போதாவது வரும் அரிய நோய் என்றுதான் நினைத்திருந்தார்கள். வயதானவர்களுக்கு வரும் மறதி வேறு, அது முதுமையின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே நோய்தான், அப்படிப் பார்த்தால் இது மக்களைக் கொல்லும் பெரிய நோய்களில் ஒன்று என்று ராபர்ட் கட்ஸ்மன் என்ற நரம்பியல் மருத்துவர் 1976-இல் ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். அதற்குப் பிறகுதான் நிதியும் ஆட்களும் வரத் தொடங்கினர். மேற்கோள் கணக்குக்கு இது ரொம்ப முக்கியம். எடுத்தாள ஆள் இருந்தால்தானே எண்ணிக்கை ஏறும்? ஐம்பது பேர் வேலை செய்யும் துறையில் எப்பேர்ப்பட்ட மேதை எழுதினாலும் அந்த ஐம்பது பேர்தான் மேற்கோள் காட்ட முடியும். ஹார்டியின் எண்ணிக்கையில் ஒரு பங்கு அவர் ஏறிய நேரத்தில் துறையே பெருத்துக்கொண்டு போனதால் வந்தது.

1984-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் க்ளென்னரும் கெய்ன் வாங்கும், அல்சைமரில் இறந்தவர்களின் மூளை உறையிலுள்ள ரத்தக் குழாய்களில் படிந்திருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு சின்னப் புரதத்துண்டு. இன்று அதை பீட்டா அமைலாய்டு என்கிறோம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் இதே பொருள் படிந்திருந்தது. அவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அப்படியானால் இந்தப் புரதத்துக்கான மரபணு 21-இல்தான் இருக்க வேண்டும் என்று க்ளென்னர் ஊகித்தார். 1987-இல் மரபணு அங்கேயே கிடைத்தது. அதன் பெயர் ஏபிபி.

இங்கேதான் ஹார்டியின் கதையில் ஒரு குடும்பம் வருகிறது. 1980களின் நடுவில், பரம்பரையாக அல்சைமர் வரும் குடும்பங்களை செயின்ட் மேரீஸ் குழு தேடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்துப் பெண் ஒருவர் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். தன் தந்தைக்கும் அவரோடு பிறந்தவர்கள் சிலருக்கும் ஐம்பது வயதுகளிலேயே இந்த நோய் வந்திருக்கிறது, எங்கள் குடும்பம் உங்கள் ஆய்வுக்குப் பயன்படுமா என்று கேட்ட கடிதம். குழு போய் ரத்த மாதிரிகள் எடுத்தது. யாருக்கு நோய், யாருக்கு இல்லை, எந்தக் குரோமோசோம் துண்டு நோயோடு சேர்ந்து இறங்குகிறது என்று பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்த வேலை குழம்பிக் கிடந்தது. சில குடும்பங்களில் நோய் 21-ஆம் குரோமோசோமோடு ஒட்டி வந்தது, சிலவற்றில் வரவில்லை. எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டினால் கணக்கு எங்கும் நிற்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது: பரம்பரை அல்சைமருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அதிகக் குடும்பங்களில் குற்றவாளி 14-ஆம் குரோமோசோமில் இருக்கும் பிரிசெனிலின்-1. அது 1995-இல்தான் பிடிபட்டது. செயின்ட் மேரீஸ் குழு பல குடும்பங்களைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, 21-ஓடு தெளிவாக ஒட்டி வந்த ஒரே குடும்பத்தைத் தனியாக எடுத்துக்கொண்டது. என் பார்வையில் ஹார்டியின் வாழ்க்கையிலேயே கெட்டிக்காரத்தனமான முடிவு இதுதான். அதோடு 1990-இல் இன்னொரு துப்பும் கிடைத்தது. பரம்பரையாக மூளையில் ரத்தக் கசிவு வரும் டச்சுக் குடும்பங்களில், அதே ஏபிபி மரபணுவின் 17-ஆம் எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் மரபணுத் துண்டுக்கு எக்ஸான் என்று பெயர்) ஒரு பிழை இருப்பதாக வேறொரு குழு சொன்னது. அப்படியானால் நாமும் அந்த எக்ஸானையே படிப்போம் என்று இவர்கள் படித்தார்கள். புரதத்தின் 717-ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் இருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்.

1991 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் மூன்று பக்கத்தில் அது வெளியானது. முதல் பெயர் அலிசன் கோட், கடைசிப் பெயர் ஜான் ஹார்டி. உயிரியல் கட்டுரைகளில் வேலையைச் செய்தவர் முதலிலும் குழுவை நடத்தியவர் கடைசியிலும் நிற்பது வழக்கம். இந்தக் கட்டுரையை 'கோட் குழுவினர், 1991' என்றுதான் உலகம் மேற்கோள் காட்டுகிறது. கடிதம் எழுதிய பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆசிரியர் வரிசையில் நோயாளிகளுக்கு இடம் கிடையாது. பிற்பாடு அவருக்கும் அதே நோய் ஐம்பது வயதுகளில் வந்தது. 2024-இல் இறந்தார், தன் மூளையை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு.

இந்த 1991 கண்டுபிடிப்பு அசைக்க முடியாதது. அந்த மாற்றம் இருப்பவருக்கு நோய் வருகிறது, இல்லாத உடன்பிறப்புக்கு வருவதில்லை. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் யாரும் அதை மறுக்கவில்லை. அடுத்த வருடம் வந்த அந்த இரண்டு பக்கம் அப்படியல்ல. அது இந்தக் கண்டுபிடிப்பின் மேல் ஏறி நின்று தொலைவைக் காட்டியது. ஏபிபி மரபணுவில் ஏற்படும் ஒரு பிழையே நோயை முழுசாக வரவழைக்கிறது என்றால், அந்த மரபணுவிலிருந்து வரும் பீட்டா அமைலாய்டுதான் முதல் காரணம். அது சேர்கிறது, அதனால் நரம்பணுவுக்குள் டாவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுகிறது, அணு சாகிறது, நினைவு போகிறது. ஒரு மடை உடைந்தால் அடுத்தடுத்த வயல்களுக்குத் தண்ணீர் தானாகப் பாய்வது மாதிரி. முதல் மடையை அடைத்துவிட்டால் மீதி எல்லாம் நிற்கும் என்பது இதற்குள்ளேயே இருக்கும் வாக்குறுதி.

மருந்துக் கம்பெனிக்கு இதைவிட இனிப்பான செய்தி வேண்டுமா? எதைத் தாக்க வேண்டும் என்பதற்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. ஆய்வு மாணவருக்கும் அப்படித்தான். தன் கட்டுரையின் முதல் பத்தியில் 'இதனால்தான் இந்த ஆய்வு' என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை இரண்டு பக்கத்தில் ஒருவர் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

மேற்கோள் எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1873-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வழக்கறிஞர்களுக்காக ஒரு தொழில் தொடங்கினார். ஒரு பழைய தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எவையெல்லாம் எடுத்தாண்டன என்று பசைத்தாளில் அச்சடித்து விற்றார். வழக்கறிஞர்கள் அதைச் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். யூஜின் கார்ஃபீல்ட் என்ற தகவல் அறிவியலாளர் இதைக் கேள்விப்பட்டு, அறிவியலுக்கும் இதே மாதிரி ஒன்று செய்யலாமே என்று 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். இன்று என் மேசையில் திறந்திருக்கும் தரவுத்தளங்களுக்கெல்லாம் தாத்தா அது.

ஷெப்பர்டின் முறையில் ஒரு விஷயம் உண்டு. பின்னால் வந்த தீர்ப்பு முன்னதை ஏற்றுக்கொண்டதா, விலக்கிவைத்ததா, ரத்தே செய்துவிட்டதா என்று பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். வழக்கறிஞருக்கு அது உயிர். ரத்தான தீர்ப்பை நீதிமன்றத்தில் எடுத்து நீட்டினால் மானம் போய்விடும். கார்ஃபீல்டின் அட்டவணை அறிவியலுக்கு வந்தபோது அந்தக் குறி வரவில்லை. வந்திருக்கவும் முடியாது என்பது வேறு விஷயம். லட்சக்கணக்கான கட்டுரைகளைப் படித்து, யார் யாரை ஒப்புக்கொண்டார்கள் என்று குறிக்க எங்கிருந்து ஆள் பிடிப்பது? ஆக, எண்ணிக்கை மட்டும் வந்து சேர்ந்தது. ஒரு கட்டுரையைப் பாராட்டினாலும் ஒன்று, திட்டினாலும் ஒன்று, படிக்காமல் அடிக்குறிப்பில் போட்டாலும் ஒன்று.

ஹார்டியும் செல்கோவும் 2002-இல் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் பலவற்றைத் திறந்து, எந்த வாக்கியத்தில் அந்தப் பெயர்கள் வருகின்றன என்று நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முன்னுரையில், முதல் பத்தியிலேயே இருக்கும். 'மூளையில் பீட்டா அமைலாய்டு சேர்வதே அல்சைமர் நோயின் தொடக்கம் என்று கருதப்படுகிறது' என்பது போன்ற ஒரு வாக்கியம், அதன் வாலில் அந்த இரு பெயர்கள். அதோடு சரி, கட்டுரை தன் எலிக்கோ தன் மூலக்கூறுக்கோ போய்விடும். கருதுகோளை எதிர்த்து எழுதுபவர்களும் அதே இடத்தில் அதே மாதிரிதான் குறிப்பிடுகிறார்கள், 'கருதப்படுகிறது' என்பதற்குப் பின்னால் ஓர் 'ஆனால்' வரும், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் வேடிக்கை, அந்தக் கட்டுரையின் தலைப்பே முன்னேற்றங்களோடு சிக்கல்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உள்ளேயும் கருதுகோளுக்கு எதிரான வாதங்களைப் பட்டியலிடுகிறார்கள். மூளையில் எத்தனை படிவு இருக்கிறது என்பதும் மறதி எவ்வளவு என்பதும் சரியாகப் பொருந்துவதில்லை என்பது அதில் முக்கியமான ஒன்று. அந்தப் பகுதிக்காக அவர்களை மேற்கோள் காட்டிய கட்டுரை என் கண்ணில் அபூர்வமாகத்தான் பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அல்சைமர் துறையில் மேற்கோளில் கொடிகட்டிப் பறப்பவை கண்டுபிடிப்புகள் அல்ல, கருவிகள். மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ மூவரும் 1975-இல் வெளியிட்ட முப்பது மதிப்பெண் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களைச் சொல்கிறேன் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள். மருத்துவ இலக்கியத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. யாரும் அதைப் பற்றி வாதம் செய்வதில்லை. பயன்படுத்திவிட்டு அடிக்குறிப்பு போடுகிறார்கள். நோய் மூளையில் எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குப் பரவுகிறது என்று ஹைக்கோ ப்ராக், ஏவா ப்ராக் தம்பதி 1991-இல் வகுத்த படிநிலைகளும் அப்படியே.

எச்-இன்டெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2005-இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்த அளவுகோல் அது. ஒருவருக்கு எச்-இன்டெக்ஸ் முப்பது என்றால், குறைந்தது முப்பது மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் அவரிடம் முப்பது இருக்கின்றன என்று பொருள். ஹார்டி மாதிரி ஆட்களுக்கு அது நூறைத் தாண்டி எங்கோ நிற்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் இளம் ஆய்வாளர்கள் பாடு வேறு. "சார், பதினொண்ணுலயே நிக்குது. ஒரு பேப்பருக்கு மட்டும் இன்னும் ரெண்டு சைட்டேஷன் வந்தா பன்னெண்டு ஆயிடும். எங்கயாவது விட்டுப்போயிருக்கான்னு பார்க்கிறீங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். "பார்க்கிறேம்மா, பேரை வேற மாதிரி எழுதியிருந்தா தப்பியிருக்கும்" என்றேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. கிடைத்ததில் அவருடைய முடிவு தவறு என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையில் அதுவும் ஒரு மேற்கோளாகக் கூடத்தான் செய்தது.

இந்தக் கூட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நான் படித்ததிலேயே அருமையான ஆய்வு ஸ்டீவன் க்ரீன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் 2009-இல் 'பிஎம்ஜே' இதழில் எழுதியது. அது அல்சைமர் பற்றியதல்ல, ஆனால் கதாநாயகன் அதே பீட்டா அமைலாய்டுதான். ஒரு வகைத் தசைநோயில், தசைக்குள் பீட்டா அமைலாய்டு உற்பத்தியாகி அதைச் சேதப்படுத்துகிறது என்று ஒரு நம்பிக்கை நிலவிவந்தது. க்ரீன்பர்க் அந்த நம்பிக்கையைப் பேசும் 242 கட்டுரைகளையும் அவற்றுக்கு இடையிலான 675 மேற்கோள்களையும் வலைப்படமாக வரைந்தார். ஆதரவான சில ஆரம்பக் கட்டுரைகளை நோக்கித்தான் எல்லாக் கோடுகளும் ஓடின. அதே காலத்தில் வந்த, எதிரான முடிவு சொன்ன கட்டுரைகளை ஏறக்குறைய யாரும் தொடவில்லை. 'இருக்கலாம்' என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் மேற்கோள் காட்டும்போது 'இருக்கிறது' என்று மாறியது. இடையில் புதிய சோதனை எதுவும் நடக்கவில்லை. மேற்கோள் மேல் மேற்கோள் ஏறியே அது உண்மையாகிவிட்டது.

அல்சைமரில் அவ்வளவு மோசமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்டியின் கருதுகோளுக்குக் கீழே கெட்டியான மரபணுச் சான்று இருக்கிறது. ஏபிபி, பிரிசெனிலின், டவுன் சின்ட்ரோம் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஐஸ்லாந்தில் சிலருக்கு ஏபிபி மரபணுவில் இருக்கும் ஒரு மாற்றம், அமைலாய்டைக் குறைத்து நோயிலிருந்து காக்கிறது என்றும் 2012-இல் தெரிந்தது. ஆனால் இவ்வளவு இருந்தும் மருந்து கைகொடுக்கவில்லை. அமைலாய்டுக்கு எதிரான முதல் தடுப்பூசிச் சோதனை மூளையில் அழற்சி ஏற்படுத்தியதால் 2002-இல் நின்றது. அதில் பங்கெடுத்தவர்கள் பின்னாளில் இறந்தபோது பரிசோதித்தார்கள். படிவுகள் ஏறக்குறைய முழுசாகத் துடைக்கப்பட்டிருந்தவர்கள்கூட இறக்கும் முன் கடைசிக்கட்ட மறதியில்தான் இருந்தார்கள் என்ற அறிக்கை 2008-இல் வந்தது. 2016-இல் சோலனெசுமாப் என்ற அமைலாய்டு எதிர்ப்பு மருந்து சோதனையில் தோற்றது. அமைலாய்டு உருவாவதையே தடுக்கும் மாத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. இந்த வருடங்களில் மாற்று யோசனை வைத்திருந்த ஆய்வாளர்கள் பலர் வெளிப்படையாகவே புலம்பினார்கள்: அமைலாய்டு என்ற சொல் இல்லாத விண்ணப்பத்துக்கு நிதி கிடைப்பதில்லை, பெரிய இதழ்களில் இடம் கிடைப்பதில்லை. விண்ணப்பத்தைச் சீர்தூக்குபவரும் இதழில் மதிப்பிடுபவரும் யார்? அதிக மேற்கோள் வாங்கியவர்கள்தான். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. தான் நம்புவது நியாயமாகத் தெரிவது மனித இயல்பு.

இதில் எனக்குப் பிடித்த ஆள் மறுபடியும் ஹார்டியேதான். 2006-இல் அமைலாய்டு கருதுகோள் நிரூபிக்கப்பட்டுவிட்டதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2009-இல் தனி ஆளாக அதை மறுபடி விமர்சனத்தோடு பரிசீலித்து இன்னொன்று. தன் பெயரால் நிற்கும் கருதுகோளைத் தானே தட்டிப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. அந்தக் கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கையோ 2002 கட்டுரைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒருவர் உறுதியாகச் சொன்னதற்கு இருக்கும் கிராக்கி, அவரே பிறகு தயங்கிச் சொன்னதற்குக் கிடையாது.

2006-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு கட்டுரையையும் இங்கே சொல்ல வேண்டும். பீட்டா அமைலாய்டின் குறிப்பிட்ட ஒரு கூட்டமைப்புதான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது அது. மின்னசோட்டாவில் நடந்த ஆய்வு. 2,500 மேற்கோள் அளவுக்கு வாங்கியிருந்தது. 2022-இல் அதன் படங்கள் குறித்துச் சந்தேகங்கள் வெளிவந்தன. படங்களில் அளவுக்கு மீறிய மாற்றங்களின் அடையாளம் இருக்கிறது என்று சொல்லி 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதல் ஆசிரியர் மட்டும் அதற்கு உடன்படவில்லை. அமைலாய்டு ஆராய்ச்சியே பொய் என்று அப்போது சமூக ஊடகங்களில் பரவியது. அது தவறு. மரபணுச் சான்று எதுவும் அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அந்த 2,500-ம் இன்னும் அப்படியே கணக்கில் நிற்கிறது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் தலைப்பில் ஒரு முத்திரை விழுகிறது. அதை எடுத்தாண்ட கட்டுரைகளில் எதுவும் விழுவதில்லை. ஷெப்பர்டின் பசைத்தாள் இந்த வேலையை அப்போதே செய்தது.

எண்ணிக்கையில் விழாமலே போனவர்களும் உண்டு. அலோயிஸ் அல்சைமர் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி 1906 நவம்பரில் டூபிங்கனில் பேசினார், 1907-இல் சிறு குறிப்பாக வெளியிட்டார். அதே 1907-இல் ப்ராக் நகரில் ஆஸ்கர் ஃபிஷர் முதுமை மறதியால் இறந்த 16 பேரின் மூளையை ஆராய்ந்து, 12 பேரிடம் படிவுகள் இருந்ததை எழுதினார். ஆதாரம் என்று பார்த்தால் ஃபிஷரிடம்தான் அதிகம். ஆனால் அல்சைமரின் மேலாளர் எமில் க்ரேப்பலின், தன் பாடநூலின் 1910 பதிப்பில் நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். அன்றைக்கு எல்லோரும் படித்த பாடநூல் அது. யூதரான ஃபிஷர் நாஜிகளின் பிடியில் 1942-இல் தெரேசியன்ஷ்டாட்டில் இறந்தார். மேற்கோள் அட்டவணை அப்போது இல்லை, இருந்திருந்தாலும் அவருக்கு உதவியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஹார்டி 1992-இல் அமெரிக்காவுக்குப் போனார். ஃப்ளோரிடாவில் சில வருடம், பிறகு ஜாக்சன்வில் மேயோ கிளினிக், அப்புறம் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம், 2007-இல் மறுபடி லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி. மேயோவில் இருந்தபோது அவரும் சேர்ந்த குழு 1998-இல், டாவ் மரபணுவிலேயே பிழை இருந்தால் வேறொரு வகை மறதிநோய் வருகிறது என்று கண்டது. இந்த நோயாளிகளுக்கு டாவ் முடிச்சு விழுகிறது, அமைலாய்டு படிவதில்லை. ஏபிபி பிழை உள்ளவர்களுக்கோ இரண்டும் வருகிறது. அப்படியானால் அமைலாய்டு முன்னால், டாவ் பின்னால் என்ற வரிசை சரி. அதே நேரம் டாவ் தனியாகவே மூளையைக் கெடுக்கும் வல்லமை உள்ளது. கருதுகோளுக்கு இவ்வளவு ஆதரவும் இவ்வளவு சங்கடமும் ஒருங்கே தந்த கண்டுபிடிப்பு வேறில்லை என்று நினைக்கிறேன். 2003-இல் பார்க்கின்சன் நோயில், ஆல்ஃபா சினுக்ளீன் மரபணு கூடுதல் பிரதிகளாக இருந்தாலே நோய் வரும் என்று காட்டிய குழுவிலும் இருந்தார். 2013-இல் லண்டனில் அவர் குழு, மூளையின் துப்புரவு அணுக்களில் வேலை செய்யும் ட்ரெம்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அல்சைமர் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுவதைச் சொன்னது. அதே சமயத்தில் ஐஸ்லாந்துக் குழு ஒன்றும் அதையே சொன்னது. துறையின் பார்வை நோய் எதிர்ப்பு அணுக்கள் பக்கம் திரும்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2015-இல் முப்பது லட்சம் டாலர் பிரேக்த்ரூ பரிசு, 2018-இல் மற்ற மூவரோடு பிரெய்ன் பரிசு. பிரேக்த்ரூ பரிசு அறிவிப்பு ஏபிபி பிழையைக் கண்டதற்காகத்தான் என்று சொன்னது, கருதுகோளுக்கு என்று சொல்லவில்லை. தேர்வுக் குழுவில் யாரோ விஷயம் தெரிந்தவர் இருந்திருக்கிறார்.

கடைசியாக லெகானெமாப் என்ற மருந்து. 1,795 பேரை வைத்து நடந்த சோதனை, முடிவு 2022 இறுதியில் வெளியானது. மருந்து அமைலாய்டை நன்றாகவே துடைத்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், பதினெட்டு மாதத்தில் மருந்து எடுத்தவர்கள் மற்றவர்களைவிட 0.45 புள்ளி குறைவாகச் சரிந்தார்கள். நோய் 27 சதவீதம் மெதுவானது என்று ஒரு தரப்பு எழுதியது, அந்த 0.45-ஐ நோயாளியோ வீட்டாரோ உணரவே முடியாது என்று இன்னொரு தரப்பு எழுதியது. மூளை வீக்கம் மருந்து எடுத்தவர்களில் நூற்றில் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு வந்தது, பலருக்கு அறிகுறியே இல்லாமல். அமெரிக்கா 2023 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. என்னைக் கேட்டால் 0.45 சிறியதுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. இருபது வருடம் பூஜ்யமே வந்துகொண்டிருந்த இடத்தில் இது வந்திருக்கிறது.

கருதுகோள் சரியென்றால் படிவு சேரத் தொடங்கி, மறதி இன்னும் வராத காலத்திலேயே மருந்து கொடுத்தால்தான் பலன் தெரிய வேண்டும். அதற்கான சோதனை 2020-இல் தொடங்கியது, பெயர் அஹெட் 3-45. 55 முதல் 80 வயதுக்குள், மூளையில் அமைலாய்டு இருந்தும் அறிகுறி எதுவும் இல்லாதவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு லெகானெமாப், பாதிப் பேருக்கு வெறும் திரவம், நாலு வருடம். தனக்கு எது போகிறது என்று சேர்ந்தவர்களுக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது.